இத்தாலியைப் பார்த்தவர்கள் பட்டியல்

உலக வரலாற்றில் இத்தாலி நாட்டுக்கு வாய்த்த பேறுகள் பல. அவற்றுள் தலையாயது, 2003 நவம்பரில் பர்மாவின் யாங்கோன் நகர்ப் பசுந்தாங்கிலிருந்து ஊ பர்கத்துல்லா அவர்கள் தம் துணைவியாருடன் அங்கே ஒன்பது நாள் எழுந்தருளியிருந்தது. இத்தாலியர்கள் இதை உணர்ந்தார்களா என்று தெரியவில்லை. நாங்கள் உணர்ந்தோம். தீர்மானமும் போட்டோம். தீர்மானத்தை எழுதியவன் நான் என்பதால் உறுதியாகச் சொல்ல முடியும்.

நான் பசுந்தாங் தமிழர் நல்லுறவு மன்றத்தின் நடவடிக்கைக் குறிப்பாளர். பட்டதாரி. மூன்றாண்டுப் படிப்பை எட்டாண்டில் முடித்தேன். அரசு மூடிவைத்தது போகக் கல்லூரி திறந்திருந்த நாட்களை மட்டும் கூட்டினால் இரண்டாண்டுகூட வராது. இவ்வளவு குறைந்த காலத்தில் பட்டம் பெற்றவர் மன்றத்தில் வேறு யாருமில்லை. ஆகவே பேனா என்னிடம்.

எங்கள் மன்றம் சட்டத்தை மதிப்பது. ஐந்து பேருக்கு மேல் கூடுவதானால் வட்டார அலுவலகத்தில் காரணம் எழுதிக் கொடுக்க வேண்டும். 'கூட்டம்' என்று எழுதினால் கேள்வி வரும். 'நிச்சயதார்த்தம்' என்று எழுதினால் வராது. அதுவரை பதினொரு ஆண்டுகளில் நாற்பத்திரண்டு நிச்சயதார்த்தங்கள் நடத்தியிருந்தோம். ஒரு கல்யாணம்கூட நடக்கவில்லை. அலுவலகத்தில் எங்களைப் பார்த்தால் இப்போது இரக்கப்படுகிறார்கள்.

பர்மிய முறைப்படி பெயருக்கு முன்னால் ஆணுக்கு ஊ, கோ என்றும் பெண்ணுக்கு டோ என்றும் மரியாதை சேர்ப்போம். ஊ பர்கத்துல்லா காபிமிக்ஸ் மொத்த வியாபாரி. பொடியும் பாலும் சர்க்கரையும் ஒரே பொட்டலத்தில் வருமே, அது. அந்த ஆண்டு கீழ் யாங்கோனில் அதிகப் பொட்டலம் விற்றவர் அவர்தான். கம்பெனி அவருக்கும் மனைவிக்கும் இத்தாலிப் பயணத்தைப் பரிசாக அறிவித்தது. அறிவிப்பில் இருந்த வாசகம்: 'இத்தாலியின் பண்பாட்டையும் இயற்கை எழிலையும் கண்டு களித்து வாருங்கள்.' இந்த வாசகத்தை மன்றம் மிகத் தீவிரமாக எடுத்துக்கொண்டது.

அவசரக் கூட்டம் கூடியது. நாற்பத்துமூன்றாவது நிச்சயதார்த்தம்.

"இதுல ஒரு சிக்கல் இருக்கு" என்றார் தலைவர் ஊ நல்லையா. இன்சீன் ரயில்வே பட்டறையில் முப்பத்தாறு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கூட்டம் உள்ள ஞாயிறுகளில் வட்ட ரயிலில் ஏறித் தலைமை தாங்க வருவார். "நம்ம ஆளுங்க வெளிநாடு போறது ரெண்டே வகை. ஹஜ்ஜுக்குப் போனா மாலை போடுறோம். மலேசியாவுக்கு வேலைக்குப் போனா அழுறோம். வேடிக்கை பாக்கன்னு யாரும் போனதில்ல. இதுக்கு என்ன மரியாதை?"

முன்மாதிரி இல்லாத நிலை.

"மாலை போட்டுட்டு அழலாம்" என்றார் பொருளாளர் டோ அம்சவேணி.

"யார் அழுறது?"

"நானே அழுறேன். எனக்கு மிங்கலாடோன் விமானக்கூடத்தப் பாத்தாலே அழுகை வரும். எங்க வீட்டுக்காரர் ஜோகூருக்குப் போன எடம்."

ஏகமனதாக நிறைவேறியது. மாலைக்கு நல்லையா, அழுகைக்கு அம்சவேணி, குறிப்புக்கு நான்.

கூட்டம் முடிந்ததும் நான் பர்கத்துல்லா காக்காவிடம் ஒரு தனிக் கோரிக்கை வைத்தேன். எங்கள் பக்கத்தில் மூத்தவரைக் காக்கா என்றும் அவர் மனைவியை லாத்தா என்றும் அழைப்போம். கோரிக்கை குறிப்பேட்டில் ஏறவில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

என் மனைவி அப்ஸானா அதற்கு முந்தின ஆண்டு மழைக்காலத்தில் இறந்துபோனாள். ஆறு நாள் காய்ச்சல். ஏழாம் நாள் இல்லை. இருபத்தேழு வயது. அதன்பிறகு எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் தெரியவில்லை. எதுவுமே தெரியவில்லை. பஸ்ஸில் காலை மிதித்தால்கூடக் கொஞ்சம் கழித்துத்தான் தெரிந்தது.

எங்கள் வீட்டுச் சுவரில் 1998-ஆம் ஆண்டுக் காலண்டர் ஒன்று இருந்தது. யாரோ ஒரு கப்பல் கம்பெனிக்காரர் கொடுத்தது. மே மாதப் பக்கத்தில் இத்தாலியின் ஓர் ஏரி. கோமோ என்று போட்டிருந்தது. ஏரி, அதன் பின்னால் மலை, கரையில் ஓர் இரும்புக் கம்பி வேலி, வேலியில் தொங்கும் பூந்தொட்டிகள். மே முடிந்தது. அவள் தாளைத் திருப்பவில்லை. ஆண்டு முடிந்தது. திருப்பவில்லை. எங்கள் வீட்டில் நான்காண்டுக்கு மேல் மே மாதம் நடந்தது. தேதி பார்க்க எட்டிப் பார்த்த விருந்தாளிகள் குழம்பிப் போனார்கள்.

"அந்தக் கம்பியில கைய வச்சிக்கிட்டு சும்மா நிக்கணுங்க" என்பாள். "பேசாம. ஒரு அரமணி நேரம்."

"பாக்கலாம்" என்பேன்.

ஒருநாள் அவளாகவே போய்க் கடவுச்சீட்டு விண்ணப்பப் படிவம் வாங்கி வந்தாள். செல்லக்கண்ணு ஸ்டூடியோவில் படமும் எடுத்துக்கொண்டாள். முக்காட்டைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, விதிப்படி இரண்டு காதும் தெரிய. படத்தின் பின்னால் பெயரும் கணவன் பெயரும் எழுதித் தரச் சொன்னாள். எழுதினேன். படிவத்தை நிரப்பித் தரச் சொன்னாள். நிரப்பவில்லை. அந்த வாரம் மன்றத்தின் ஆண்டறிக்கை வேலை இருந்தது.

அந்தப் படத்தைத்தான் காக்காவிடம் கொடுத்தேன்.

"அந்த ஏரிக்குப் போவீங்கன்னு பயணத் திட்டத்துல இருக்கு காக்கா. கரையில கம்பி வேலி இருக்கும். இத அதுல வச்சி ஒரு படம். ஒண்ணு போதும்."

அவர் படத்தை வாங்கினார். பார்த்தார். கம்பெனிக் கடிதத்தோடு சேர்த்துச் சட்டையின் உள்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். அதற்குமேல் கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

"தம்பி, மத்தது எது விட்டுப்போனாலும் இது விடாது. இது எம் பொறுப்பு."

கரீமா லாத்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திட்டமிட்டபடி வழியனுப்பினோம். மாலை விழுந்தது. அழுகை சற்று முன்கூட்டியே தொடங்கிவிட்டது. காக்காவின் பெட்டிகளில் இருபது விஸ்* அரிசி, ஓர் அரிசிக் குக்கர், பலாச்சாங் என்ற இறால் வறுவல் நான்கு போத்தல், ஊறுகாய்த் தேயிலை, காபிமிக்ஸ் இருநூறு பொட்டலம் இருந்தன. இத்தாலியின் பண்பாட்டைச் சந்திக்க வெறுங்கையோடு போவது முறையல்ல.

ஒன்பது நாள் கழித்து இருவரும் திரும்பினார்கள். மேலும் எட்டு நாள் கழித்து 'இத்தாலியப் பண்பாடு மற்றும் இயற்கை எழில் விளக்க மாலை' நடந்தது. நாற்பத்துநான்காவது நிச்சயதார்த்தம். மாலை ஆறு மணிக்கு மின்சாரம் இருக்காது என்பதால் விளக்க மாலையைப் பிற்பகல் ஒரு மணிக்கு வைத்தோம்.

படங்கள் மூன்று தடித்த ஆல்பங்களில் இருந்தன. ஆறு சுருள். ஒரு சுருளுக்கு முப்பத்தாறு. எல்லாம் செல்லக்கண்ணு ஸ்டூடியோவில் கழுவியவை. ஆல்பத்தைத் திறக்கும் முன் காக்கா எழுந்து நின்று ஓர் அறிவிப்புச் செய்தார்.

"ஒரு எடத்தையும் விடல. எல்லா எடத்துலயும் நின்னுருக்கோம்."

கைதட்டல்.

முதல் படம் ரோம். அரைக்கைக் கோட்டு அணிந்து காக்கா நேராக நின்றார். அடையாள அட்டைப் படத்துக்கு இரண்டு காதும் தெரிய வேண்டும் என்பது அரசு விதி. இத்தாலியிலும் அவர் அந்த விதியை மீறவில்லை. அவருடைய இடக் காதுக்கும் லாத்தாவின் முக்காட்டுக்கும் நடுவே கல் வளைவு ஒன்று அரையங்குலம் தெரிந்தது.

"ரெண்டாயிரம் வருசத்துக் கட்டடம்" என்றார் காக்கா, தம் வயிற்றைச் சுட்டி. "இதுக்குப் பின்னால இருக்கு."

"கவுன்டே, கவுன்டே" என்று பர்மியத்தில் பாராட்டினார் நல்லையா. ரயில்வேக்காரருக்குக் கட்டுமானத்தில் மதிப்பு அதிகம்.

அடுத்து பைசா நகரம். காக்கா, நேராக.

"சாஞ்ச கோபுரம் எங்க?"

"எனக்குப் பின்னால."

"நீங்க கொஞ்சம் சாஞ்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"நம்ம எதுக்கு சாயணும்? நம்மள பாத்து அதுவாச்சும் நிமிரட்டும்."

இந்தக் கருத்தின் உயர்வு கருதி அதைக் குறிப்பேட்டில் அப்படியே பதிவு செய்தேன்.

புளோரன்ஸ் நகரில் புகழ்பெற்ற ஓவியக்கூடம் ஒன்று இருப்பதாகவும், வரிசையில் இரண்டு மணி நேரம் நின்றதாகவும், வாசலில் 'உள்ளே படம் எடுக்கக் கூடாது' என்று எழுதியிருந்ததாகவும் காக்கா விளக்கினார்.

"உள்ள என்ன இருந்திச்சி?" என்றார் அம்சவேணி.

"போகல."

"ஏன்?"

"படம் எடுக்க விடாத எடத்துக்குள்ள போயி என்ன செய்யிறது?"

சபை ஒப்புக்கொண்டது. அறிவிப்புப் பலகையின் முன் இருவரும் நின்ற படம் கைமாறிக் கைமாறிச் சுற்றியது. பலகையில் இரண்டு எழுத்து தெரிந்தது.

வெனிஸ் வந்தது. தெருவெல்லாம் தண்ணீர், வீட்டு வாசலிலேயே படகு என்று காக்கா கைகளை விரித்துச் சொன்னார்.

"ஆடி ஆவணியில நம்ம தெருவும் அதானே" என்றார் அம்சவேணி. "எங்க படிக்கட்டுல மூணாம் படி வரைக்கும் தண்ணி. யாராச்சும் வந்து படம் எடுத்தாங்களா?"

"அங்க சாம்பான்காரன் பாட்டுப் பாடுறான்."

"இங்க வைவான்."

பண்பாட்டு ஒப்பீடு என்று குறித்துக்கொண்டேன்.

மிலானில்தான் வரலாற்று நிகழ்ச்சி. ஒரு கடையில் காபி கேட்டிருக்கிறார்கள். கட்டை விரல் உயரக் கோப்பையில் கறுப்பாக ஏதோ வந்திருக்கிறது. பால் இல்லை. சர்க்கரை தனியாக. காபிமிக்ஸ் மொத்த வியாபாரிக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. காக்கா கோட்டுப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, வந்த காபியிலேயே கொட்டி, வெந்நீர் வாங்கிக் கலக்கி, கடைக்காரருக்கும் ஒரு வாய் கொடுத்திருக்கிறார்.

"குடிச்சாரா?"

"குடிச்சாரு."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. நெத்தியிலயும் நெஞ்சிலயும் கைய வச்சி சிலுவை போட்டுக்கிட்டாரு. உள்ள போயி அவங்க அம்மாவக் கூட்டிட்டு வந்து காட்டுனாரு."

"பாத்தியளா" என்றார் நல்லையா, நெகிழ்ந்து. "இதான் பண்பாட்டுப் பரிமாற்றம்."

இந்தப் படத்திலும் காக்காவும் லாத்தாவும்தான். காபி இல்லை. கடைக்காரரின் தாயார் ஓரத்தில் பாதி முகத்தோடு இருந்தார். அந்த முகத்தை நான் விவரிக்க விரும்பவில்லை.

ஆல்பம் முழுக்க ஒரு குறை இருந்தது. அதைக் காக்காவே ஒப்புக்கொண்டார். சில படங்களில் லாத்தாவின் முகம் கலங்கலாக விழுந்திருந்தது.

"அசையாம நில்லுன்னு எத்தன தடவ சொன்னேன்! படம் எடுக்கக் குடுத்தவன் ரெண்டு சொல்றதுக்குள்ள பின்னால திரும்பிருவா. என்ன இருக்கு பின்னால?"

லாத்தா முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

மூன்றாவது ஆல்பத்தின் கடைசிப் பக்கங்களுக்கு வந்தோம். நான் பேனாவை வைத்துவிட்டேன். ஏரி. காக்காவும் லாத்தாவும் ஒரு சுவரின் முன். காக்காவும் லாத்தாவும் ஒரு படகின் முன். படகின் பெயர்ப்பலகை மட்டும் தெரிந்தது. காக்கா தனியாக. லாத்தா தனியாக, கலங்கலாக. அடுத்த பக்கம் விமான நிலையம். அதற்கடுத்த பக்கத்தில் ஒன்றுமில்லை.

கம்பி வேலி இல்லை.

எனக்கு எண்ணும் பழக்கம் உண்டு. ஆறு முப்பத்தாறு இருநூற்றுப் பதினாறு. ஆல்பத்தில் இருந்தவை இருநூற்றுப் பதினைந்து.

"காக்கா" என்றேன். "அந்தப் படம்?"

அவர் முகம் மாறியது. ஆல்பத்தைப் பிடுங்கிப் பின்னாலிருந்து புரட்டினார். முன்னாலிருந்து புரட்டினார்.

"எடுத்தேன் தம்பி. எங் கையால எடுத்தேன். இவதான் புடிச்சிக்கிட்டு நின்னா. கேளு."

"நான் புடிச்சேன், இவர் எடுத்தாரு" என்றார் லாத்தா.

"காத்துல விரல் மரத்துப் போச்சின்னு சொன்னியே, சொல்லு."

"அதான் சொன்னேனே."

நல்லையா என்னைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். "கோ தவ்ஹீத், ஆல்பத்துல இல்லாதத எடுத்ததா பதிவு பண்ண முடியாது. மன்ற விதி. வேணும்னா 'எடுக்க முயன்றார்'னு போடுங்க."

"பரவாயில்ல" என்றேன். அந்த ஆண்டு முழுக்க நான் அதிகம் பயன்படுத்திய சொல் அது. அவளை அடக்கத்துக்குத் தூக்க வந்தவர்கள் தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டபோதும் இதைத்தான் சொன்னேன்.

லாத்தா எழுந்துவிட்டார்.

"என்ன பரவாயில்ல? அந்தப் பயணத்துல நான் ஒழுங்கா செஞ்ச வேல அது ஒண்ணுதான். எந்திரிங்க எல்லாரும். ஸ்டூடியோவுக்குப் போவோம்."

ஸ்டூடியோ அடுத்த தெரு. மன்றம் முழுதும் எழுந்தது. வாசலில் நல்லையா கையை நீட்டித் தடுத்தார். நிச்சயதார்த்தத்துக்கு வீட்டுக்குள் கூடத்தான் அனுமதி. தெருவில் கூட்டமாக நடக்க அனுமதி இல்லை. ஆகவே நான்கு நான்கு பேராக, கால் மணி இடைவெளியில் புறப்பட்டோம். முதல் நால்வரில் நானும் காக்காவும் லாத்தாவும் நல்லையாவும். அம்சவேணி இரண்டாம் அணிக்குத் தலைமை. அவர் அணி வழியில் தேநீர்க்கடைக்குள் போய்விட்டதால் வந்து சேரவில்லை.

செல்லக்கண்ணு எங்களைப் பார்த்ததும் மகிழ்ந்தார். முப்பது ஆண்டாகப் படத் தொழில். பசுந்தாங்கில் பிறந்த எல்லாருடைய இரண்டு காதுகளையும் அறிந்தவர்.

"ஒரு படம் கொறையுது" என்றார் காக்கா.

"கொறையாதே. ஆறு சுருளும் நானே பாத்துக் கழுவினேன். வீணாப்போன ஒண்ணைத் தவிர எல்லாம் போட்டுட்டேன்."

"வீணாப்போன ஒண்ணா?"

"ஆள் இல்லாத படம்ங்க. தெரியாம பொத்தானை அமுக்கிருப்பீங்க. எல்லாருக்கும் நடக்கும். ஆள் இல்லாத படத்தை நம்ம ஸ்டூடியோவுல போடுறதில்ல. வாடிக்கைக்காரருக்கு நான் செய்யிற மரியாதை." பிறகு மனதாரச் சொன்னார்: "உண்மையச் சொல்றேன் ஊ பர்கத்துல்லா, இருநூத்துப் பதினாறுல ஒண்ணே ஒண்ணுதான் வீணு. இப்படிப் படம் எடுத்தவர நான் பாத்ததில்ல. மத்தவங்க மலையும் மரமுமா எடுத்துட்டு வந்து உசிர வாங்குவாங்க."

"அதக் கொண்டாங்க" என்றார் லாத்தா.

நெகட்டிவ் உறையைத் தேடி எடுத்தார். குழல்விளக்கில் பிடித்தார். மின்சாரம் போயிற்று. எல்லாரும் வாசலுக்கு வந்தோம். வெயிலில் அதைத் தூக்கிப் பிடித்தார்.

"பாருங்க. தண்ணி, மலை. ஓரத்துல ஒரு கை. அதுல கறுப்பா ஒரு துண்டு. நெகட்டிவ்ல கறுப்புன்னா நெசத்துல வெள்ளை. வெறும் வெள்ளைத்தாளு. இதுல எங்க ஆளு?"

நான் பார்த்தேன். வெள்ளைத்தாள்தான். முகம் இல்லை.

காக்கா தலையில் அடித்துக்கொண்டார். "சொன்னேன் தம்பி, படிச்சிப் படிச்சிச் சொன்னேன். திருப்பிப் புடி, திருப்பிப் புடின்னு. கேக்கல இவ. எடுத்தா எடு, இல்லாட்டிப் போன்னுட்டா. அந்தக் குளிருல நான் என்ன பண்ணுவேன்?"

"ஏன் லாத்தா?" என்றேன். "முகம் தெரியலையே."

லாத்தா என்னைப் பார்த்தார். புறப்படும் முன் பார்த்த அதே பார்வை.

"நீங்க என்ன கேட்டிய தம்பி? அவ அந்த ஏரிய பாக்கணும்னுதானே கேட்டிய? மொகத்த இந்தப் பக்கம் வச்சா அவளுக்கு என்ன தெரியும்? இவரு தொப்பதான் தெரியும். அதுக்கா அம்புட்டுத் தூரம் போறது?"

தெருவில் பஸ் நடத்துநர் ஒருவர் சூலே, சூலே என்று பஸ் போகும் இடத்தைக் கத்திக்கொண்டு போனார்.

"எவ்ளோ நேரம் புடிச்சிருந்திய?" என்று கேட்டேன்.

"இவரு ஒரு நிமிசத்துல எடுத்துட்டாரு. பஸ்ஸுல ஏறுன்னாரு. நான் ஏறல. வழிகாட்டி வந்து கத்துனா. ஏறல. அரமணி நேரம் இருக்கும்." சற்று நிறுத்திச் சொன்னார்: "பேசாமதான் நின்னேன்."

அப்ஸானா அரைமணி நேரக் கணக்கை இவரிடமும் சொல்லியிருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. எனக்கு மட்டும் சொன்னாள் என்று நினைத்திருந்தேன். என்னிடம் சொல்லிப் பயனில்லை என்று அவளுக்கு எப்போது தெரிந்ததோ.

மறுநாள் பிற்பகல் படம் வந்தது. செல்லக்கண்ணு தம் வாழ்நாளில் போட்ட முதல் ஆளில்லாத படம்.

ஏரி முழுதாக இருக்கிறது. பின்னால் மலை, உச்சியில் கொஞ்சம் பனி. கம்பி வேலி காலண்டரில் இருப்பதுதான். நவம்பர் என்பதால் பூந்தொட்டிகள் இல்லை. வேலியின் மேல் மருதாணி மங்கிய இரண்டு விரல்கள் ஒரு சிறு தாளைப் பிடித்திருக்கின்றன. தாளின் முதுகு நமக்கு. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்தால் அதில் ஒரு நீல முத்திரை தெரிகிறது: செல்லக்கண்ணு ஸ்டூடியோ, பசுந்தாங். ஆளில்லை என்று அவர் தள்ளியது அவரே எடுத்த ஆளை. முத்திரைக்குக் கீழே என் கையெழுத்தில் அவள் பெயரும், கணவன் என்ற இடத்தில் என் பெயரும். காதுகள் தெரியவில்லை. விதிப்படி இது படமே அல்ல.

அடுத்த ஞாயிறு கூட்டத்தில் கம்பெனிக்கு அனுப்ப வேண்டிய நன்றி மடல் எடுத்துக்கொள்ளப்பட்டது. கம்பெனி ஒரு படிவம் அனுப்பியிருந்தது. அதில் ஒரே கேள்வி. 'இத்தாலியின் பண்பாட்டையும் இயற்கை எழிலையும் கண்டு களித்தவர்களின் பெயர்கள்.'

"நிரப்புங்க கோ தவ்ஹீத்" என்றார் நல்லையா. "படிவம்னா உங்க கைதான்."

நிரப்பினேன். இந்த முறை தாமதிக்கவில்லை. முதல் வரியில் அப்ஸானா. இரண்டாம் வரியில் கரீமா. பதினொரு படங்களில் அவர் பாதி திரும்பியிருப்பதால் அடைப்புக்குறிக்குள் 'அரை' என்று போட்டு, ஏரிக்கரை நினைவு வந்ததும் அடித்துவிட்டேன்.

நல்லையா வாங்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார்.

"பரிசு வாங்கின ஊ பர்கத்துல்லா பேரு எங்க?"

"எழுதலாம் தலைவரே. அவர் எதைப் பார்த்தார்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க."

காக்கா வாயைத் திறந்தார். யோசித்தார். ஆல்பத்தைப் பார்த்தார். நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாது.

"படம் எடுக்கிறவனப் பாத்தேன்" என்றார்.

மடல் அப்படியே போயிற்று. அந்தப் படம் இப்போது காலண்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஊ பர்கத்துல்லாவின் மாபெரும் பயணத்தை இன்றும் போற்றுகிறேன். இருநூற்றுப் பதினைந்து படங்கள். அத்தனையிலும் எங்கள் ஆட்கள் இத்தாலிக்கு முதுகைக் காட்டி எங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். இந்த ஒன்றில் மட்டும் ஒருத்தி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏரியைப் பார்க்கிறாள். முதுகில் தன் பெயரோடு என் பெயரையும் காட்டுகிறாள். நானே எழுதிக் கொடுத்தது.

* விஸ்: பர்மிய நிறை அளவு; சுமார் 1.6 கிலோ.